மண்ணில் பிளாஸ்டிக்: சேராமல் தடுப்பதும் சேர்ந்ததைப் பொறுக்குவதும்

தர்பூசணி முடிந்து, மல்ச்சிங் ஷீட்டை உருவி எடுத்து, உழுதும் போட்டாயிற்று. அதன்பின் முதல் மழை பெய்த மறுநாள் காலையில் வயலுக்குள் இறங்கிப் பாருங்கள். மழை மண்ணைக் கழுவிவிட்டு, கறுப்பும் வெள்ளியுமான துணுக்குகளை மேலே நிறுத்தியிருக்கும். உள்ளங்கை அகலத்தில் சில, நகத்தளவில் பல, குருணை அளவில் எண்ண முடியாதவை. முதல் இரண்டையும் குனிந்து எடுத்துவிடலாம். மூன்றாவதை எடுக்க வழி கிடையாது.

இந்த அத்தியாயம் சொல்ல வருவது அதைத்தான். பிளாஸ்டிக் முழு ஷீட்டாக இருக்கும்போது எடுப்பது கூலி ஆள் வேலை. அதே ஷீட் பொடியாகிவிட்டால் உலகத்தில் எந்த எந்திரமும் அதை ஒரு வயலிலிருந்து பிரித்துத் தராது. ஆகவே எதைச் செய்வதானாலும் அது உடைவதற்கு முன்னால் செய்ய வேண்டும்.

ஐந்து மில்லிமீட்டருக்குக் குறைந்த துணுக்கை நுண்நெகிழி என்கிறார்கள். பிளிமத் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் தாம்சன் 2004-இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் இந்தப் பேச்சு பரவலானது. அவர் பேசியது கடலைப் பற்றி. மண்ணில் என்ன ஆகிறது என்ற கேள்வியை பெர்லினைச் சேர்ந்த மண் சூழலியலாளர் மத்தியாஸ் ரில்லிக் 2012-இல் எழுப்பினார். பிளாஸ்டிக்கில் பெரும்பகுதி நிலத்தில்தான் புழங்குகிறது. ஆனால் ஆராய்ச்சி கடலிலிருந்து கரையேற எட்டு ஆண்டு ஆகியிருக்கிறது. 2021-இல் ஐ.நா. உணவு, வேளாண்மை அமைப்பு வெளியிட்ட அறிக்கை, பயிர்த்தொழிலும் கால்நடை வளர்ப்பும் சேர்ந்து ஆண்டுக்கு 1.25 கோடி டன் பிளாஸ்டிக்கைப் பயன்படுத்துவதாகச் சொல்கிறது. அதில் ஏறக்குறையப் பாதி ஆசியாவில்.

ஓர் ஏக்கர் கணக்கு

பெரிய எண்கள் வயலுக்கு உதவாது. நம் ஏக்கருக்கு என்ன வருகிறது என்று பார்ப்போம்.

நான்கடி அகலம், 400 மீட்டர் நீளம், 25 மைக்ரான் கனமுள்ள ஒரு ரோல் சுமார் 11 கிலோ இருக்கும். ஐந்தடிக்கு ஒரு மேட்டுப்பாத்தி என்றால் ஏக்கருக்கு 2,650 மீட்டர், அதாவது ஏறக்குறைய ஏழு ரோல், 75 கிலோ. பாத்தியின் இரண்டு பக்கமும் ஷீட்டின் ஓரத்தை அரையடிக்குச் சற்றுக் குறைவாக மண்ணுக்குள் புதைக்கிறோம். பக்கத்துக்கு 10 செ.மீ. என்று வைத்தாலே ஷீட்டில் ஆறில் ஒரு பங்கு மண்ணுக்கு அடியில் இருக்கிறது. இழுக்கும்போது கிழிந்து தங்குவது பெரும்பாலும் இந்த ஓரம்தான்.

பத்தில் ஒரு பங்கு தங்கிவிட்டதாக வைத்துக்கொள்வோம்: ஏழரைக் கிலோ. அது முழுவதும் ஐந்து மி.மீ. சதுரத் துணுக்குகளாக உடைந்தால் எண்ணிக்கை 1.3 கோடி. ஒரு ஏக்கரில், ஒரு போகத்தில். பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. எடையில் பார்த்தால் அற்பமாகத் தெரிவது எண்ணிக்கையில் எப்படி விரிகிறது என்று காட்டத்தான். ஓர் ஏக்கரின் மேல் அரையடி மண் ஏறக்குறைய 850 டன். அதில் ஏழரைக் கிலோ என்பது டன்னுக்கு ஒன்பது கிராம்தான். இந்த ஒன்பது கிராமை நினைவில் வைத்திருங்கள், பின்னால் தேவைப்படும்.

சீனா இந்தப் பாதையில் நமக்கு முன்னால் போன நாடு. 1970-களின் கடைசியில் ஜப்பானிலிருந்து நிலப்போர்வைத் தொழில்நுட்பம் அங்கே போனது. மழை குறைந்த வடமேற்கில், குறிப்பாக சின்ஜியாங் பருத்தி வயல்களில், விளைச்சலைத் தூக்கி நிறுத்தியது. வெள்ளைப் புரட்சி என்று கொண்டாடினார்கள். செலவைக் குறைக்க ஷீட்டை மெல்லியதாக்கிக்கொண்டே போனார்கள். பழைய தரநிர்ணயம் 8 மைக்ரான். அவ்வளவு மெல்லிய ஷீட் ஒரு பருவ வெயிலுக்குப் பிறகு கையில் எடுத்தாலே நொறுங்கும். அது வயலிலேயே தங்கியது, ஆண்டுக்கு ஆண்டு சேர்ந்தது, வெள்ளைப் புரட்சி வெள்ளை மாசு ஆனது. ஹெக்டேருக்கு 200 கிலோவைத் தாண்டிய வயல்கள் அங்கே உண்டு. அந்த அளவுக்கு மேல் போனால் வேர் இறங்குவதும் நீர் பரவுவதும் தடைப்பட்டு மகசூல் குறைவதை அவர்களே பதிவு செய்திருக்கிறார்கள். 2018 மே மாதத்திலிருந்து குறைந்தபட்சக் கனம் 10 மைக்ரான் என்று கட்டாயமாக்கினார்கள். நம் ஊரில் வழக்கமான 25 மைக்ரான் இதைவிடக் கனமானது. ஷீட்டை முழுசாகத் திரும்ப எடுக்கும் வாய்ப்பு நமக்கு இன்னும் இருக்கிறது என்பதுதான் இதற்கு அர்த்தம்.

ஷீட் மட்டும் இல்லை. சொட்டுநீர் லேட்ரல் குழாய், எலியும் அணிலும் கடித்துப்போட்ட அதன் துண்டு, நாற்றுப் பை, குழித்தட்டு, நிழல்வலை, வெயிலில் கிடந்து உதிரும் யூரியா சாக்கு, தக்காளிக்கு இழுத்துக் கட்டும் பிளாஸ்டிக் கயிறு, வாழைத்தாருக்குப் போடும் உறை, தார்ப்பாய் எல்லாமே இந்தக் கணக்கில் வரும். இதில் ஒரு வேடிக்கை, மண்புழு உரத்துக்கென்று வாங்கும் நெய்த பிளாஸ்டிக் பைத்தொட்டி. நிழலில்லாமல் வைத்தால் சில ஆண்டுகளில் அதன் ஓரம் நார்நாராக உதிர்ந்து, இயற்கை உரத்தோடு கலந்து வயலுக்கே போகும்.

யாரும் கணக்கில் சேர்க்காத ஒன்று பழைய சேலை வேலி. காட்டுப்பன்றிக்கும் மயிலுக்கும் பயந்து கட்டுவது. செலவில்லாத வேலி என்பதால் ஊர் ஊராகப் பரவியிருக்கிறது. பருத்திச் சேலையாக இருந்தால் மக்கிப் போகும். ஆனால் வேலிக்கு வருபவை பெரும்பாலும் பாலியஸ்டர். வெயிலில் நூல் இற்று, காற்றில் இழை இழையாக வரப்போரம் விழுகிறது. துணுக்கைவிட இழைதான் மண்ணின் அமைப்பை அதிகம் மாற்றுகிறது. அதைப் பற்றி இனி.

மண்ணுக்குள் நடப்பது

பிளாஸ்டிக்கை உடைப்பது வெயில். புற ஊதாக் கதிர் பட்டுப் பட்டு அதன் நீண்ட சங்கிலிகள் அறுகின்றன, ஷீட் மொறுமொறுப்பாகிறது, மிதித்தால், உழுதால் நொறுங்குகிறது. மண்ணுக்குள் போன பிறகு வெயில் இல்லை. ஆகவே வேதி முறையில் அது அழிவது ஏறக்குறைய நின்றுபோகிறது. பல பத்தாண்டு அப்படியே கிடக்கும். மேலே கிடந்தால் உடையும், உள்ளே போனால் அழியாது. இந்த இரண்டும் சேர்ந்ததுதான் சிக்கல். ரோட்டவேட்டர் இந்த இரண்டு வேலையையும் ஒரே ஓட்டத்தில் செய்துவிடுகிறது: வெயிலில் இற்றதை நறுக்கி, ஆழத்தில் புதைக்கிறது.

உள்ளே போனதை மேலும் கீழே கொண்டுபோகிறவை மண்புழுக்கள். நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகத்தில் எஸ்பெரான்சா ஹுவெர்த்தா லுவாங்கா குழுவினர் 2016-லும் 2017-லும் வெளியிட்ட ஆய்வுகளில், இலைச்சருகோடு கலந்த பாலிதீன் பொடியைப் புழுக்கள் தின்றன, தங்கள் வளைச் சுவர்களில் கொண்டுபோய்ச் சேர்த்தன. சருகில் பிளாஸ்டிக்கின் பங்கு அதிகமான தொட்டிகளில் புழுக்களின் வளர்ச்சி குன்றியது, சாவும் கூடியது. மண்புழு வளை என்பது மழைநீர் இறங்கும் வழி, வேர் இறங்கும் வழி. அந்த வழியாகவே துணுக்குகளும் ஆழம் போகின்றன.

அதே ஆய்வாளர் மெக்சிகோவின் தென்கிழக்கில் கொல்லைத் தோட்டங்களில் ஒரு கணக்கெடுத்தார். அங்கே வீட்டுக் குப்பையை எரித்துக் கொல்லையிலேயே புதைப்பது வழக்கம். ஒரு கிராம் மண்ணில் சராசரி 0.87 துணுக்கு. ஒரு கிராம் மண்புழு எச்சத்தில் 14.8. ஒரு கிராம் கோழி எச்சத்தில் 129.8. மண்ணில் ஒன்றுக்கும் குறைவாக இருந்தது, புழு வழியாகவும் கிளறித் தின்னும் கோழி வழியாகவும் நூறைத் தாண்டியிருக்கிறது. கோழிகளின் இரைப்பையிலும் துணுக்குகள் இருந்தன. நம் ஊர் நாட்டுக்கோழியும் கொல்லையில் கிளறித்தான் மேய்கிறது. நாமும் கொல்லையில்தான் குப்பையை எரிக்கிறோம். உழவின் பின்னாலேயே வந்து புழு பொறுக்கும் கொக்குகளையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது மண்ணின் கட்டமைப்பு. நல்ல மண் கையில் எடுத்தால் புட்டு மாதிரிப் பொலபொலவென்று இருக்கும். சிறு சிறு உருண்டைகளாக அது திரள்வதற்குப் பூஞ்சை இழையும் நுண்ணுயிர்ப் பசையும் காரணம். நீர் பட்டாலும் கரையாமல் நிற்கும் அந்த உருண்டைகள் பாலியஸ்டர் இழை கலந்த மண்ணில் குறைந்ததை ரில்லிக்கின் பெர்லின் குழு 2018-இல் காட்டியது. மண்ணின் அடர்த்தி மாறியது, நீர் பிடிக்கும் தன்மையும் மாறியது. சில சோதனைகளில் நீர்ப்பிடிப்பு கூடியது, வெங்காயச் செடியில் வேரின் எடையும் கூடியது. அப்படியானால் நல்லதுதானே என்று யாராவது கேட்டால், அவசரப்படாதீர்கள் என்றுதான் சொல்வேன். மண் தன் போக்கில் இல்லாமல் வேறொன்றாகிறது என்பதற்கு அது அடையாளம். ஒரு பயிருக்கு ஒரு போகம் உதவுகிற மாற்றம் அடுத்த பயிருக்கு என்ன செய்யும் என்று அந்தத் தொட்டிச் சோதனை சொல்லாது.

பயிருக்குள் போகுமா? 2020-இல் சீன ஆய்வாளர்கள் கோதுமையிலும் லெட்டூஸ் கீரையிலும், பக்கவேர் புதிதாக வெடித்துக் கிளம்பும் இடத்தின் விரிசல் வழியாக மிக நுண்ணிய துகள்கள் உள்ளே நுழைந்து தண்டுவரை ஏறுவதைப் பார்த்தார்கள். அவை மைக்ரானுக்கும் குறைந்த அல்லது அதையொட்டிய அளவுள்ள துகள்கள். கண்ணால் காணும் ஷீட் துணுக்கு வேருக்குள் போகாது. ஆனால் அந்தத் துணுக்கு எதுவரை உடையும் என்பதுதான் கேள்வி.

இப்போது அந்த ஒன்பது கிராமுக்கு வருவோம். ஆய்வகச் சோதனைகள் பலவற்றில் டன் மண்ணுக்கு ஒரு கிலோவும் அதற்கு மேலும் பிளாஸ்டிக் கலக்கிறார்கள். முதலில் சொன்ன புழுச் சோதனையில் சருகில் கால் பங்குக்கு மேல் கலந்தபோதுதான் புழுக்கள் செத்தன. நம் வயலில் அந்த அளவு இல்லை. ஆகவே "மண் செத்துவிட்டது" என்று மேடையில் முழங்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அதே சமயம், இங்கிலாந்தில் நடந்து 2019-இல் வெளியான ஒரு சோதனையில் அக்ரிலிக், நைலான் துணி இழைகளை டன்னுக்குப் பத்து கிராம் கணக்கில்தான் கலந்தார்கள். அதற்கே புல் விதையின் முளைப்பு கொஞ்சம் குறைந்தது. இழை என்றால் குறைந்த அளவும் போதும் என்று அது காட்டுகிறது. ஷீட்டைப் பொறுத்தவரை, ஆண்டுக்கு இரண்டு போகம், பத்து ஆண்டு என்று பெருக்கிப் பாருங்கள். கழிவதே இல்லாமல் கூடிக்கொண்டே போகிற ஒன்றுக்கு இன்றைய அளவைவிட அது கூடும் வேகம்தான் முக்கியம்.

உங்கள் வயலில் எவ்வளவு

ஆய்வகத்துக்கு அனுப்பத் தேவையில்லாத ஒரு சோதனை உண்டு. மண் பரிசோதனைக்கு எடுப்பதுபோலவே வயலில் ஐந்தாறு இடத்தில் அரையடி ஆழத்துக்கு மண் எடுத்து, கலந்து, அரைக் கிலோ பிரித்துக்கொள்ளுங்கள். எடுப்பது இரும்புக் கரண்டியால், வைப்பது எவர்சில்வர் பாத்திரத்தில். பிளாஸ்டிக் வாளியும் சாக்கும் வேண்டாம். களிமண் என்றால் ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்துக் கட்டிகளைக் கையால் கரைத்துவிடுங்கள். கட்டிக்குள்தான் துணுக்கு ஒளிந்திருக்கும்.

பிறகு லிட்டருக்கு 350 கிராம் கல்லுப்பு கரைத்த தண்ணீரை மண்ணுக்கு மேல் ஒரு சாண் நிற்கும்படி ஊற்றிக் கலக்கி, அசைக்காமல் வைத்துவிடுங்கள். ஷீட், சாக்கு, கயிறு ஆகியவற்றின் பாலிதீனும் பாலிப்ரொப்பிலீனும் சாதாரணத் தண்ணீரிலேயே மிதக்கும். தெர்மோகோலின் பாலிஸ்டைரீனில் காற்றுப் போன துணுக்கை மேலே கொண்டுவரத்தான் உப்பு. மறுநாள் மேலே மிதப்பதை வெள்ளைப் பருத்தித் துணியில் வடித்து, காயவைத்து, லென்ஸ் வைத்துப் பாருங்கள். சருகும் வேர்த்துண்டும் சேர்ந்தே மிதக்கும். சந்தேகமான துணுக்கின் பக்கத்தில் பழுக்கக் காய்ச்சிய ஊசியைக் கொண்டுபோங்கள். பிளாஸ்டிக் சுருண்டு இளகும், சருகு கருகும்.

பாலியஸ்டர் இழையும் பி.வி.சி. துகளும் இந்த உப்புத் தண்ணீரில் மிதக்காது, அடியில் தங்கிவிடும். அரை மில்லிமீட்டருக்குக் கீழே கண்ணும் லென்ஸும் நம்ப முடியாது. ஆகவே இந்தச் சோதனையில் வரும் எண் உண்மையைவிடக் குறைவாகத்தான் இருக்கும். எண்ணைவிட ஒப்பீடு முக்கியம்: ஷீட் போட்ட வயல், போடாத வயல், ஊர்க்குப்பை உரம் போட்ட வயல் என்று மூன்றிலும் எடுத்துப் பார்த்தால், உங்களுக்கு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிடும். உப்புத் தண்ணீரை வயலில் கொட்டிவிடாதீர்கள்.

ஷீட்: வாங்குவதும் உருவுவதும்

கடையில் 25 மைக்ரான் என்று சொல்லி 20-ஐக் கொடுத்தால் கையால் தடவிக் கண்டுபிடிக்க முடியாது. தராசில் வையுங்கள். நான்கடி அகல, 400 மீட்டர் ரோல், நடுவிலுள்ள அட்டைக் குழாயின் எடையைக் கழித்தபின் 11 கிலோ வர வேண்டும். ஒன்பது கிலோவுக்குள் இருந்தால் அது 20 மைக்ரான்தான். வேறு அகலத்துக்கும் கணக்கு எளிது: அகலத்தையும் நீளத்தையும் மீட்டரில் பெருக்கி, மைக்ரானால் பெருக்கி, ஆயிரத்தால் வகுத்து, வருவதை 0.92-ஆல் பெருக்கினால் கிலோ. மெல்லிய ஷீட்டில் மிச்சமாகிற ரூபாய், எடுக்கும்போது கிழிந்து கூலியாகப் போய்விடும். ஒரு வருடத்துக்கு மேல் நிற்கும் பயிருக்கு 25 போதாது, 50-க்குக் குறையாமல் வாங்குங்கள்.

விரிக்கும் செலவுக்குத் தோட்டக்கலைத் திட்டங்களில் மானியம் கிடைக்கிறது. எடுக்கும் கூலி உங்கள் கையிலிருந்துதான். அதை முதலிலேயே சாகுபடிச் செலவில் எழுதிவிட்டால், அறுவடை முடிந்து கையில் காசு இல்லாத நேரத்தில் "டிராக்டரை விட்டு ஓட்டிவிடலாமா" என்ற யோசனை வராது.

எடுக்கும் முறை இது. கடைசிக் காய் பறித்ததும் எடுத்துவிட வேண்டும். அடுத்த பயிர் வரை கிடக்கட்டும் என்று கோடை வெயிலில் விட்டால், செடியின் நிழலும் போய், ஷீட் முழுவதும் வெயில் குடித்து நொறுங்கும் பதத்துக்கு வந்துவிடும். முதலில் செடியைத் தூரோடு பிடுங்காதீர்கள். பிடுங்கினால் ஓட்டையைச் சுற்றிக் கிழியும். பன்னருவாளால் ஷீட்டை ஒட்டித் தண்டை அறுத்து, கொடியை வெளியே இழுத்துப் போடுங்கள். வேர் மண்ணிலேயே மக்கட்டும். லேட்ரல் குழாயை உருவிச் சுருட்டி வையுங்கள். அதன்பின் பாத்தியின் இரண்டு ஓரத்தையும் மண்வெட்டியால் லேசாக நெம்பி, புதைந்த விளிம்பை விடுவிக்க வேண்டும். நேரம் பிடிப்பது இந்த வேலைதான். இதைத் தவிர்த்துவிட்டு நடுவில் பிடித்து இழுத்தால், மேல்பகுதி கையோடு வரும், அந்த ஆறில் ஒரு பங்கு மண்ணுக்குள் தங்கும்.

மண் பிசுபிசுப்பாகவும் இருக்கக் கூடாது, கட்டாந்தரையாகவும் இருக்கக் கூடாது. கரிசலில் இது இன்னும் முக்கியம்; காய்ந்த கரிசல் விளிம்பைக் கவ்விக்கொள்ளும். கடைசி நீர் விட்டு, காலில் ஒட்டாத பதம் வந்ததும், காலை வெயில் ஏறுவதற்குள் எடுங்கள். ஒருவர் முன்னால் சுருட்ட, ஒருவர் பின்னால் ஓரத்தை விடுவித்துக்கொண்டே வர வேண்டும். கிழிந்தால் அந்த இடத்திலேயே நின்று மிச்சத்தை எடுத்துவிட்டுத்தான் நகர வேண்டும். எடுத்து முடித்தபின் முதல் உழவு கொத்துக் கலப்பையால். அது மிச்சம் கிடப்பதைக் கிளறி மேலே தள்ளும். பொறுக்கியபின் வேண்டுமானால் ரோட்டவேட்டர்.

எடுத்த ஷீட்டை உதறிக் காயவைத்துக் கட்டுங்கள். மண்ணோடு சேர்ந்த ஷீட்டைப் பழைய பொருள் வாங்குகிறவர் தொட மாட்டார். மண்ணின் எடை ஷீட்டின் எடையைத் தாண்டிவிடும். அவர் எடுக்காவிட்டால் ஊராட்சியின் தூய்மைக் காவலர்களிடம் தனியாகக் கட்டிக் கொடுங்கள். பாலிதீனைத் தூளாக்கித் தார்ச் சாலையில் கலக்கும் முறை மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் ராஜகோபாலன் வாசுதேவன் உருவாக்கியது. அதற்காக 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அந்த வழிக்குப் போனாலும் சுத்தமான ஷீட்தான் போகும். வரப்போரம் கொளுத்துவது மட்டும் வேண்டாம். புகை ஒரு பக்கம் இருக்கட்டும்; பாதி எரிந்து உருகிய கட்டி சாம்பலோடு திரும்ப வயலுக்குத்தான் வரும்.

மக்கும் ஷீட் என்று விற்பதை வாங்கலாமா? ஐரோப்பாவில் இதற்கென்றே 2018-இல் ஈ.என். 17033 என்ற தரநிர்ணயம் வந்தது. மண்ணுக்குள் இரண்டு ஆண்டுக்குள் 90 சதவீதம் கரியமில வாயுவாக மாற வேண்டும் என்று கேட்கிறது. அந்தச் சான்று இருந்தால் யோசிக்கலாம். "கம்போஸ்டபிள்" என்று மட்டும் எழுதியிருந்தால் போதாது. அந்தச் சோதனை 58 டிகிரி சூட்டில் உரக்குவியலுக்குள் நடப்பது, நம் வயலின் மண் அந்தச் சூட்டில் இருப்பதில்லை. வேதிப்பொருள் கலந்து வெயிலில் தானாக உடையும்படி செய்த ஆக்சோ வகையை ஐரோப்பிய ஒன்றியம் 2021-இல் தடை செய்துவிட்டது. அது மக்குவதில்லை, வேகமாகப் பொடியாகிறது. நமக்கு வேண்டாததைச் சீக்கிரம் செய்து தருகிறது. மாவுச்சத்துக் கலந்த ஒரு மக்கும் ஷீட்டின் துணுக்குகள், 2018-இல் வெளியான ஒரு சோதனையில், கோதுமையைச் சாதாரணப் பாலிதீனைவிட அதிகமாகப் பாதித்ததும் உண்டு. மக்கும் என்ற ஒரு சொல்லை நம்பி இரட்டிப்பு விலை கொடுக்காதீர்கள்.

வைக்கோல், கரும்புத் தோகை, தென்னை ஓலை கிடைக்கிற இடத்தில் அவையே மூடாக்கு. களையை ஷீட் அளவுக்கு அடக்காது, பூச்சியை விரட்டும் வெள்ளிப் பளபளப்பும் இல்லை. இதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. கரும்புத் தோகையை எரிக்கிற ஊரில் இருந்துகொண்டு ஷீட் வாங்குவதுதான் எனக்குப் புரியாத சங்கதி.

எருவோடு வருவது

பலர் ஷீட்டைப் பற்றியே பேசிவிட்டு உரக்குவியலை மறந்துவிடுகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019 உர ஒழுங்குமுறை, கம்போஸ்ட் உரத்தில் இரண்டு மி.மீ.க்கு மேற்பட்ட பிளாஸ்டிக்கை உலர் எடையில் கிலோவுக்கு மூன்று கிராம் வரை அனுமதித்தது. கறாரான விதியாகத்தான் தெரிகிறது. ஏக்கருக்கு உலர் எடையில் ஐந்து டன் போட்டால்? பதினைந்து கிலோ. நம் ஷீட்டில் தங்கியதாகச் சொன்ன ஏழரைக் கிலோவின் இரண்டு மடங்கு. அதுவும் விதிக்கு உட்பட்ட சுத்தமான உரத்தில், இரண்டு மி.மீ.க்குக் கீழே உள்ளதைக் கணக்கில் சேர்க்காமல்.

நம் நாட்டில் உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி நகரக் கம்போஸ்டில் 90 சதவீதம் 4 மி.மீ. சல்லடையில் இறங்க வேண்டும். கலந்து வந்த குப்பையை அரைத்துச் சலித்தால் இந்த விதியில் தேறிவிடும். சல்லடையைத் தாண்டி வருவதுதான் நுண்நெகிழி. ஆகவே சல்லடை அளவைக் கேட்காதீர்கள், குப்பை எந்த நிலையில் வந்தது என்று கேளுங்கள். வீட்டிலேயே பிரித்து வாங்கிய காய்கறிக் கழிவிலிருந்தும் சந்தைக் கழிவிலிருந்தும் செய்த உரம் என்றால் வாங்கலாம். கலந்த குப்பையைப் பிறகு பிரித்தது என்றால் இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம். பழைய குப்பைமேடுகளைத் தோண்டிச் சலித்த மண்ணும் அப்படியே. பள்ளம் நிரப்பலாம், பயிர் நிலத்துக்கு ஆகாது. லோடு இறக்குவதற்கு முன் ஒரு கிலோ எடுத்து, மேலே சொன்ன மிதக்கவிடும் சோதனையைச் செய்து பாருங்கள். மிதப்பது துணியை மூடும் அளவுக்கு இருந்தால் வண்டியைத் திருப்பி அனுப்புங்கள்.

கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துச் சேறு இதைவிட மோசம். துணி துவைத்த தண்ணீரின் இழையில் பெரும்பகுதி அதில்தான் படிகிறது. 2016-இல் வந்த ஒரு மதிப்பீடு, ஐரோப்பிய வயல்களில் இந்தச் சேற்றின் வழியாக மட்டும் ஆண்டுக்கு 63,000 முதல் 4,30,000 டன் வரை நுண்நெகிழி சேரலாம் என்றது.

சொந்த மாட்டுச் சாணமும் ஆட்டுக்கிடையும் இவற்றோடு ஒப்பிட்டால் பல மடங்கு மேல். தொழுவத்துக் குப்பைக்குழியில் வீட்டுக் குப்பையைக் கொட்டாமல் இருந்தால் போதும்.

ஏற்கனவே சேர்ந்துவிட்டிருந்தால்

பிளாஸ்டிக் தின்னும் பாக்டீரியா என்று பாட்டிலில் யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். ஜப்பானில் 2016-இல் அறிவிக்கப்பட்ட அந்தப் புகழ்பெற்ற பாக்டீரியா தின்பது தண்ணீர் பாட்டிலின் பெட் வகையை. ஷீட்டின் பாலிதீனை அல்ல.

செய்யக்கூடியது மூன்று. கோடை உழவுக்குப் பின் முதல் மழை பெய்த மறுநாளும், அடுத்த ஓரிரண்டு மழைக்குப் பிறகும் இறங்கிப் பொறுக்குவது. துணுக்கு ஈரத்தில் மின்னும், மண்ணைப் புல் இன்னும் மூடியிருக்காது, அதைவிட நல்ல நாள் கிடைக்காது. அடுத்து, வயலிலிருந்து தண்ணீர் வெளியேறும் கடைமடையில் வெட்டிவேரையோ அடர்ந்த புல்லையோ ஒரு வரிசை நடுவது. இது வயலைச் சுத்தமாக்காது. மழைத் தண்ணீரோடு துணுக்கு வாய்க்காலுக்கும் ஏரிக்கும் போவதைக் கொஞ்சம் பிடித்து நிறுத்தும், பிறகு அந்த வரிசையிலிருந்து பொறுக்கிவிடலாம். மூன்றாவது, தக்கைப்பூண்டோ சணப்பையோ விதைத்து மடக்கி உழுவது. பிளாஸ்டிக்கை அது ஒன்றும் செய்யாது. ஆனால் உருண்டை கட்டும் வேலையை மண் மறுபடி தொடங்க அங்கக உணவு வேண்டும்.

சேலை வேலிக்கு மாற்றுச் சொல்லாமல் அவிழ்க்கச் சொல்வது நியாயமில்லை. பன்றி ஓர் இரவில் நிலக்கடலையை முடித்துவிடும். நூல் இற்று உதிரத் தொடங்குவதற்கு முன், ஒவ்வொரு போகம் முடிந்ததும் அவிழ்த்து உள்ளே வைத்து, அடுத்த போகத்துக்கு மறுபடி கட்டுங்கள். தொட்டால் கிழிகிற சேலையை வயலில் விடாதீர்கள். தக்காளிக்கு சணல் கயிறு, கீரைக்கட்டுக்கு வாழைநார் என்று மாறுவது இதைவிடச் சுலபம்.

நிலத்தைக் குத்தகைக்கு விடுகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. தர்பூசணிக்கும் முலாம்பழத்துக்கும் மூன்று நான்கு மாதத்துக்கு நிலம் கேட்டு வருகிறவர்கள் காய் ஏற்றியதும் போய்விடுவார்கள். ஷீட் உங்களுக்கு மிஞ்சும். வாய்ப்பேச்சு போதாது. குத்தகைத் தாளிலேயே மூன்று வரி எழுதி வாங்குங்கள்: ஷீட் 25 மைக்ரானுக்குக் குறையக் கூடாது, கடைசிப் பறிப்பு முடிந்து பத்து நாளுக்குள், உழவு போடுவதற்கு முன், ஓரம் உட்பட எடுத்து நிலத்துக்கு வெளியே கொண்டுபோக வேண்டும், அதுவரை முன்பணத்தில் ஏக்கருக்கு எடுப்புக்கூலிக்குச் சமமான தொகை நில உரிமையாளரிடம் நிற்கும். எடுத்துவிட்டதாகச் சொன்னால், பாத்தியின் ஓரத்தில் நாலைந்து இடத்தில் மண்வெட்டியால் கொத்திப் பார்த்துவிட்டு அந்தத் தொகையைக் கொடுங்கள்.